கோட்டைச் சுவரில் தொடங்கும் பாடம்

(சந்திரகிரியில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில், தமிழ் பேசும் ஆசிரியத் தோழர்களிடமும் பெற்றோரிடமும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு வரலாற்றையும் அறிவியலையும் ஒரே பொருளின் வழியாக எவ்வாறு கற்பிக்கலாம் என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் தமிழில் முதுகலை பயின்றவன். பல்லாண்டுகளாகக் கட்சி ஏடுகளுக்கு மொழிபெயர்ப்பதே என் வேலை. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன். ஆகவே உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. நான் கண்டதையும், படித்ததையும், ஓரிடத்தில் நான் தவறியதையும் உங்கள் முன் வைக்கிறேன். முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தோழர்களின் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இவ்வூர்க் கோட்டைக்குச் சென்றேன். மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். விஜயநகரப் பேரரசு 1565ஆம் ஆண்டு தலைக்கோட்டைப் போரில் தோற்றது, தலைநகர் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது, பின்னர் இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் சந்திரகிரிக்கு வந்தது என்று விளக்கத் தொடங்கினேன். ஐந்து நிமிடத்தில் பாதிப் பிள்ளைகள் குரங்குகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது பூச்சு உதிர்ந்த ஒரு சுவரின் அருகே ஒரு சிறுமி நின்று செங்கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்து வாய் திறவாதிருப்பவள் என்று உடன் வந்தோர் கூறினர். “இந்தக் கல் தட்டையாக இருக்கிறதே, எங்கள் சூளையில் இதைவிடத் தடியாக அறுப்பார்கள்” என்றாள். ஏன் தட்டையாகச் செய்திருப்பார்கள் என்று கேட்டேன். “தடிக் கல் உள்ளே காயாது. பச்சைக் கல்லைச் சரியாகக் காயவைக்காமல் சூளையில் அடுக்கினால் வெடித்துவிடும். மெலிதாக இருந்தால் சீக்கிரம் காயும், உள்ளே வரை வேகும்” என்றாள். குரங்கு பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் அவளைச் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

தோழர்களே, அவள் சொன்னது அறிவியலா, வரலாறா? ஈரம் வெளியேறுவதும் வெப்பம் உட்செல்வதும் அறிவியல். நானூறு ஆண்டுகளுக்கு முன் இச்செங்கல்லை அறுத்தவர் என்ன எண்ணினார் என்பது வரலாறு. இரண்டையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். அவற்றை இணைத்தது அவளுடைய தாய் தந்தையரின் உழைப்பு. அந்த உழைப்புக்கு நம் பாடத்திட்டத்தில் இடமில்லை. வரலாற்றுப் புத்தகத்தில் அரசர் பெயர் இருக்கிறது, அறிவியல் புத்தகத்தில் வெப்பத்தின் வரையறை இருக்கிறது; செங்கல் அறுத்தவர் இரண்டிலும் இல்லை. இன்று நான் பேச விரும்புவது இதைப் பற்றியே.

கோட்டைக்குள் என்ன பாடம் இருக்கிறது?

முதலில் கையில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். நம் ராஜ மகால் மூன்று தளங்கள் கொண்டது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் ஆனது, மரம் பயன்படுத்தப்படவில்லை. இந்த ஒரு செய்தியிலிருந்து ஒரு மாதப் பாடத்தை உருவாக்க முடியும்.

மரம் இல்லாமல் மேல்தளம் எப்படி நிற்கிறது? பிள்ளைகளிடம் களிமண்ணைக் கொடுத்து ஆப்பு வடிவில் கட்டிகள் செய்யச் சொல்லுங்கள். கீழே ஒரு தாங்கலை வைத்து, அதன்மேல் கட்டிகளை வளைவாக அடுக்கி, நடுக்கட்டியைப் பொருத்தியபின் தாங்கலை எடுத்துவிடச் சொல்லுங்கள். நம் கொத்தனார்கள் இன்று ‘சென்ட்ரிங்’ என்கிறார்களே, அந்தத் தாங்கல்தான் இது. வளைவு நின்றுவிடும். ஒவ்வொரு கட்டியும் தன் எடையைப் பக்கத்துக் கட்டியின் மீது சாய்ப்பதால் நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் விரலால் அழுத்திப் பார்த்தே உணர்வார்கள். பின்னர் வரலாற்றுக்கு வாருங்கள். இந்த வளைவு முறை இங்கு எப்படி வந்தது? விஜயநகர அரசர்கள் தக்காணச் சுல்தான்களோடு போரிட்டார்கள். அதே வேளையில் அவர்களுடைய கட்டடக் கலையைத் தங்கள் அரண்மனைகளில் எடுத்தாண்டார்கள். ராஜ மகாலின் வளைவுகள் இஸ்லாமியக் கட்டடப் பாணியின. உச்சியில் எழும் கோபுரங்கள் கோயில் கட்டடப் பாணியின. இவை இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே காரையால் ஒட்டப்பட்டு நிற்கின்றன. மத நல்லிணக்கம் குறித்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவும் விளக்க முடியாது.

அடுத்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சியதை நீரில் இட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், பல மாதங்கள், பல ஆண்டுகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. கல்லிலிருந்து புறப்பட்டது கல்லுக்கே திரும்புகிறது. இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆய்வகம் தேவையில்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் சிறிதளவை நீரில் கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழலால் அதில் ஊதச் சொல்லுங்கள். நீர் பால்போல வெளுக்கும். நம் மூச்சில் உள்ள வாயுவும் சுண்ணாம்பும் சேர்ந்து மீண்டும் சுண்ணாம்புக் கல் ஆகின்றன. அந்த நுண் துகள்களே வெண்மையாகத் தெரிகின்றன. ‘ஊது, உறிஞ்சாதே’ என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீரில் இடும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒருபோதும் விடக்கூடாது; கண்ணுக்கு ஆபத்து.

அந்தக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள்: இத்தனை பெரிய கோட்டைக்கு எவ்வளவு சுண்ணாம்பு வேண்டியிருந்திருக்கும்? அதைச் சுட எவ்வளவு விறகு? விறகை வெட்டியவர் யார்? சூளைப் புகையில் நின்றவர் யார்? சுண்ணாம்பு கைகளை அரித்தபோது அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? இக்கேள்விகளுக்கு அரண்மனைச் சுவரில் விடை இல்லை. அவர்களின் பெயர்களை எவரும் பொறித்து வைக்கவில்லை. ஏன் பொறிக்கவில்லை என்பதும் ஒரு வரலாற்றுக் கேள்விதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கணிதமும் இங்கேயே இருக்கிறது. ஒரு மீட்டர் கம்பை வெயிலில் நட்டு, அதன் நிழலும் ஒரு மீட்டர் ஆகும் வேளை வரை காத்திருந்தால், அந்நேரத்தில் அருகிலுள்ள மரத்தின் நிழலை அளந்தே மரத்தின் உயரத்தைச் சொல்லிவிடலாம். மொழியும் இருக்கிறது. நம் பிள்ளைகள் சுண்ணாம்பைச் ‘சுன்னம்’ என்றும், கல்லை ‘ராயி’ என்றும், ஏரியைச் ‘செருவு’ என்றும் தெலுங்கில் சொல்வார்கள். வீட்டில் தமிழில் சொல்வார்கள். கரும்பலகையில் இரு பத்திகளாக எழுதி வைத்தால், இரு மொழி அறிவது குறை அன்று, செல்வம் என்பது அவர்களுக்கே விளங்கும்.

‘எப்படித் தெரியும்?’

இவ்வூரில் ஒரு பேச்சு உண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னை நிலத்தைக் கொடுத்த ஆவணம் இந்த ராஜ மகாலில்தான் கையெழுத்தானது என்பார்கள். பிள்ளைகளும் அதைப் பெருமையோடு சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. ‘எப்படித் தெரியும்?’ என்று மட்டும் கேட்டேன்.

1639ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ் டே என்பவர் கம்பெனியின் சார்பில் கடற்கரையில் ஒரு நிலத்துண்டைப் பெற்றார். அனுமதியை அளித்தவர் தாமர்ல வேங்கடாத்திரி என்னும் நாயக்கர். அவர் சந்திரகிரி அரசருக்குக் கட்டுப்பட்ட உள்ளூர்த் தலைவர். ஆகவே சந்திரகிரிக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு என்பது ஆவணம் சொல்வது. இந்த அறையில், இந்தத் தூணின் அருகில் கையெழுத்தானது என்பது ஊர்ப் பேச்சு. இரண்டையும் தனித்தனியே எழுதிவைக்கப் பழகுவதே வரலாற்றுக் கல்வியின் முதல் படி. அறிவியலின் முதல் படியும் அதுவே. பார்த்தது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரிக்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது எளிதன்று.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வரலாற்றையும் அறிவியலையும் கலப்பவர்கள் நாம் மட்டும் அல்லர். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரே, கௌரவர்கள் சோதனைக் குழாய் முறையில் பிறந்தவர்கள் என்று பேசினார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் இதே மாநாட்டின் 104ஆவது அமர்வு நம் திருப்பதியில் நடைபெற்றிருந்தது. புராணத்தை வரலாறாகவும், அந்த வரலாற்றை அறிவியலாகவும் மாற்றும் இக்கலப்பும் ‘ஒருங்கிணைந்த கல்வி’ என்ற பெயரில் நாளை வகுப்பறைக்குள் வரலாம். அதற்கும் நம் முறைக்கும் உள்ள வேறுபாடு ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது. நம் வகுப்பில் ‘எப்படித் தெரியும்?’ என்று பிள்ளை கேட்கலாம். அங்கே கேட்கக் கூடாது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. அக்கடமை தொடக்கப் பள்ளியில் தொடங்குவது இக்கேள்வியால்தான்.

பாறை ஏட்டில் விடுபட்ட பக்கங்கள்

கோட்டையிலிருந்து பார்த்தால் திருமலை தெரிகிறது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான மக்கள் ஏறும் மலை அது. அம்மலைப் பாதையின் ஓரத்தில் புவியியலாளர்கள் பெரிதும் போற்றும் ஓரிடம் உள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவிச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கீழே உள்ள கருங்கல் பாறை 210 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அதன்மேல் நேரடியாக அமர்ந்திருக்கும் குவார்ட்சைட் பாறை சுமார் 160 கோடி ஆண்டுகள் பழமையானது. இடைப்பட்ட சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு அங்கே பாறைப் பதிவே இல்லை. இதைக் குறிக்கும் கலைச்சொல்லை நான் மொழிபெயர்க்க முயன்று பல தாள்களைக் கிழித்திருக்கிறேன். பிள்ளைகளிடம், ‘ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவில் சில பக்கங்கள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்றேன். உடனே புரிந்துகொண்டார்கள். ‘யார் கிழித்தது?’ என்று ஒரு சிறுவன் கேட்டான். மழையும் காற்றும் ஆறும் அரித்துவிட்டன என்றேன்.

பக்கங்கள் கிழிபடுவது பாறையில் மட்டும் நடப்பதன்று. 2022ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலச் சுமையைக் குறைப்பதாகக் கூறி, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்திலிருந்து பரிணாமக் கோட்பாட்டை நீக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றிலிருந்து முகலாயர் குறித்த பாடமும் நீக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் 2023இல் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வரலாற்றிலும் அறிவியலிலும் ஒரே வேளையில் கத்தரிக்கோல் விழுந்தது தற்செயல் அன்று. மாற்றத்தைக் கற்பிப்பவை இவ்விரு பாடங்களுமே. உயிர்கள் மாறி வந்தன என்று ஒன்று சொல்கிறது, சமூகம் மாறி வந்தது என்று மற்றொன்று சொல்கிறது. மாறி வந்தது இனியும் மாறும் என்ற எண்ணத்தைப் பிள்ளைகள் தாமே அடைந்துவிடுவார்கள்.

இம்முறை புதியதன்று

இவ்வாறு ஒரு பொருளை மையமாக வைத்துப் பல பாடங்களைக் கற்பிப்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1866ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய முதல் அகிலத்தின் மாநாட்டுப் பேராளர்களுக்காக மார்க்ஸ் எழுதிய குறிப்புகளில், அறிவுக் கல்வி, உடற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி ஆகிய மூன்றும் இணைய வேண்டும் என்றார். அக்டோபர் புரட்சிக்குப் பின், 1923 முதல் சோவியத் பள்ளிகளுக்காக வகுக்கப்பட்ட திட்டத்தில் பாடவாரிப் பிரிவுகளே இல்லை. இயற்கை, உழைப்பு, சமூகம் என்று மூன்று பத்திகள் மட்டுமே இருந்தன. அதனை வகுத்த குழுவின் தலைமையில் குரூப்ஸ்கயா இருந்தார். முதலாம் ஆண்டில் வீடும் பள்ளியும், அடுத்து ஊர், அதற்கடுத்து வட்டாரம், பின்னர் நாடு என்று பிள்ளையின் உலகம் விரிந்துகொண்டே செல்லும்.

இந்தியாவில் 1937இல் வார்தாவில் காந்தியார் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை மையமாகக் கொண்டது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகள் தாமே சோதனை செய்து கற்க வழிகாட்டியது. அதிலிருந்து உருவான ஏகலவ்யா அமைப்பு, தொடக்கப் பள்ளிகளுக்கென மொழி, கணிதம், சூழல் ஆகியவற்றை இணைத்த பாடநூலை உருவாக்கியது. முப்பது ஆண்டுகள் நடந்த ஹோஷங்காபாத் திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் செய்த பணியை நீங்கள் அறிவீர்கள்.

நமக்கு மிக அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் ஏணிப்படிகளும் கொண்ட ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் அதைத் தழுவிச் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் பரவியது. நம் மாவட்டத்து மண்ணில் முளைத்தது, எல்லை தாண்டிப் போய்த் தமிழில் பேசியது.

பாடநூலிலும் முன்மாதிரி உண்டு. தேசியக் குழுமம் 2005ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்தின்படி ஐந்தாம் வகுப்புக்கு வெளியிட்ட சூழ்நிலையியல் நூலில், கோல்கொண்டா கோட்டைக்குப் பிள்ளைகள் செல்வதாக ஒரு பாடம் இருந்தது. கொத்தளங்கள் 87 என எண்ணுவதும், சுவர் ஏன் இத்தனை தடிமன் என்று கேட்பதும், உயரத்திற்கு நீரை எவ்வாறு ஏற்றினார்கள் என்று ஆராய்வதும் அதில் இருந்தன. ஹைதராபாத் பிள்ளைகளுக்கு அது சொந்தக் கோட்டை. நம் பிள்ளைகளுக்குச் சந்திரகிரி இருக்கிறது. கோல்கொண்டாவின் வாசலில் கைதட்டினால் மலை உச்சியில் கேட்கும் என்பது புகழ்பெற்ற செய்தி. நம் கோட்டைச் சுவருக்கு முன் 17 மீட்டருக்குக் குறையாத தொலைவில் நின்று கைதட்டிப் பாருங்கள். எதிரொலி தனியே கேட்கக்கூடும். பின் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: சித்தூர் சாலையில் காதங்கியில் உள்ள வளிமண்டல ஆய்வகத்தில் 1,024 அலைவாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. அவை வானத்தை நோக்கி வானொலி அலையை அனுப்பி, காற்றிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கேட்டு, மேலே காற்று எத்திசையில் எவ்வளவு விரைவில் வீசுகிறது என்று அறிகின்றன. கைதட்டலில் தொடங்கிய பிள்ளை ராடார் வரை வந்துவிடும்.

குறைகளையும் பேசுவோம்

தோழர்களே, இம்முறையின் சிறப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. சோவியத் நாட்டின் மூன்று பத்தித் திட்டம் நீடிக்கவில்லை. 1931இல் கட்சியின் மத்தியக் குழுவே தீர்மானம் நிறைவேற்றி, பாடவாரிக் கல்விக்குத் திரும்பியது. பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பொது அறிவும் போதிய அளவு வரவில்லை என்பதே காரணம். பயிற்சி பெறாத ஆசிரியர்கள், புத்தகம் இல்லாத பள்ளிகள், எல்லாவற்றையும் மையப் பொருளோடு எப்படியாவது முடிச்சுப் போடும் செயற்கைத்தனம் ஆகியவை அதற்கு வழிவகுத்தன.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, படிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் ஒவ்வொரு நாளும் தனி நேரம் வேண்டும். கோட்டையைப் பற்றி அழகாகப் பேசும் பிள்ளை ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறிப் படித்தால், நாம் அப்பிள்ளைக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எழுத்தறிவு வீட்டிலேயே கிடைத்துவிடும். சூளைத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. இரண்டாவது, இணையாததை இணைக்காதீர்கள். வாய்ப்பாட்டைக் கோட்டையோடு ஒட்ட வேண்டியதில்லை. அது தனியே வரட்டும்.

செயல்வழிக் கற்றலிலும் ஒரு பாடம் இருக்கிறது. அட்டையும் ஏணியும் மேலிருந்து அச்சிட்டு வந்தபோது, பல இடங்களில் ஆசிரியர் அட்டை வழங்குபவராக மட்டும் ஆகிவிட்டார் என்ற விமரிசனம் எழுந்தது. கோட்டைப் பாடத்தையும் ஒரு கையேடாக அச்சிட்டு எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினால் இதே கதிதான். உங்கள் ஊர் ஏரியை, உங்கள் ஊர்ச் சூளையை, உங்கள் ஊர்க் கோயில் குளத்தை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஆசிரியர் வேண்டும். 2022ஆம் ஆண்டு இம்மாநிலத்தில் வந்த அரசாணை 117, தொடக்கப் பள்ளிகளின் 3, 4, 5ஆம் வகுப்புகளை உயர்நிலைப் பள்ளிகளோடு இணைத்தது. ஆசிரியர் சங்கங்கள் போராடின. 2025இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. இது போராட்டத்தின் வெற்றி. ஆயினும் அருகமைப் பள்ளியும், போதிய ஆசிரியரும் இல்லாவிடில் நாம் இங்கே பேசும் எதுவும் நடவாது. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் சத்துணவுக் கணக்கையும் கைப்பேசிச் செயலிகளையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைக் கோட்டைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும் என்று கோருவது கொடுமை. செயல்பாடு, கண்டறிதல், ஆராய்தல் ஆகியவற்றின் வழியே கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவே கூறுகிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை அன்று, சட்டம்.

நான் தவறிய இடம்

இறுதியாக ஒன்று. அன்று கோட்டையிலிருந்து திரும்பும்போது சேஷாசல மலையைக் காட்டி, அங்கே செம்மரம் வளர்கிறது என்று சொன்னேன். ஒரு சிறுவன் கேட்டான்: “அந்த மரம் வெட்டப் போனவர்களைச் சுட்டுவிட்டார்களாமே, உண்மையா?”

நான் பேசாமல் நின்றேன். ‘பிறகு சொல்கிறேன்’ என்றேன். அவன் அதன்பின் எதுவும் கேட்கவில்லை. ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கச் சொல்லிக்கொடுத்த நானே, உண்மையா என்று கேட்ட பிள்ளையின் வாயை அடைத்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவனுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? அதே மூன்று பத்திகள் எனக்கு உதவியிருக்கும். இயற்கை: செம்மரம் உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயல்பாக வளர்கிறது. மெல்ல வளரும் மரம். அதன் உள்வயிரத்தில் உள்ள சிவப்புச் சாயத்திற்காக முற்காலத்திலேயே கடல் கடந்து சென்றது. இன்று அழியும் ஆபத்தில் இருப்பதால் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. உழைப்பு: வேலையும் மழையும் பொய்த்த மலைக்கிராமங்களில் தரகர்கள் முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடிக்கிறார்கள். சமூகம்: விலையில் பெரும்பங்கு கடத்தல் முதலாளிக்கு, சாவு கூலிக்கு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் இம்மலைக்காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சிறப்புக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைவாழ் ஏழைகள்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. ‘ஆம் தம்பி, உண்மைதான். அவர்கள் கூலிக்காக வந்த ஏழைகள். அந்த மரத்தை வெட்டுவது தவறு, ஏனெனில் அது வேறெங்கும் இல்லை. ஆனால் தவறு செய்தவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதுதான் சட்டம். சுடுவது சட்டம் அன்று’ என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வாக்கியங்கள். அவற்றைச் சொல்லும் துணிவு எனக்கு அன்று இல்லை. மறு வாரம் அவனைத் தேடிச் சென்று சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “அந்த மரம் வளர எவ்வளவு நாள் ஆகும்?” என்று கேட்டான். அடுத்த பாடம் அங்கிருந்து தொடங்கியது.

தோழர்களே, வரலாற்றையும் அறிவியலையும் இணைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் உத்தி அன்று. தன் வீட்டாரின் கைகள் செய்யும் வேலையில் அறிவு இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று உழைப்பாளி வீட்டுப் பிள்ளை அறிந்துகொள்வதற்கான வழி அது. செங்கல்லைத் தடவிய அந்தச் சிறுமி மறுநாள் பள்ளியில் முன்வரிசையில் போய் அமர்ந்தாள் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அறுப்புப் பருவம் முடிந்ததும் அவள் குடும்பம் வேறு சூளைக்குப் போய்விட்டது. எந்தப் பள்ளியில் படிக்கிறாள், படிக்கிறாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பணிபுரியும் ஊரில், உங்கள் கிளை இயங்கும் ஊரில் அவளைப் போல ஒரு பிள்ளை கடைசி வரிசையில் இருக்கும். அதனிடம் முதலில் கேள்வி கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.